பழைய எண், புதிய எண்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதிலிருந்து அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் ஒரே கேள்விதான். “விண்டோஸ் 11 போட்டால் என்னுடைய பழைய சாஃப்ட்வேர் ஓடுமா?” கேட்பவரிடம் இருப்பது 2001-இல் வெளிவந்த பேஜ்மேக்கர் 7-ஆக இருக்கலாம். யாரோ ஃபாக்ஸ்புரோவில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பில்லிங் மென்பொருளாக இருக்கலாம். டாங்கிள் என்ற பூட்டுக் கருவியைச் செருகினால்தான் திறக்கும் பழைய தமிழ்த் தட்டச்சுத் தொகுப்பாகவும் இருக்கலாம்.

கணினிக் கடைக்காரர் “எல்லாம் ஓடும் சார்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். மைக்ரோசாஃப்ட் இன்னும் ஒரு படி மேலே போய், 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட மென்பொருட்கள் ஓடும் என்று விளம்பரப்படுத்துகிறது. இந்த மாதிரி எண்ணைப் பார்த்ததும் எதை எண்ணினார்கள் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் நிறுவனங்கள் சோதனைக்குக் கொண்டுவந்த மென்பொருட்களை வைத்துப் போட்ட கணக்கு அது. உங்கள் கடையில் இருபது ஆண்டுகளாக ஓடும் ஒற்றை மென்பொருளுக்கு அந்தச் சதவீதத்தால் ஒரு பயனும் இல்லை.

நேரான பதில் இதுதான்: 32-பிட் விண்டோஸ் மென்பொருட்களில் பெரும்பாலானவை ஓடும். 16-பிட் மென்பொருள் எதுவும் ஓடாது. வன்பொருளைத் தொட்டு வேலை செய்பவை சந்தேகம். இதை ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் சில ஓடாமல் போவதைவிட, கால் நூற்றாண்டுக்கு முன் எழுதிய ஒன்று இன்றைக்கும் ஓடுகிறதே, அதுதான் என்னை நெடுநாளாக வியக்கவைக்கிறது. அது தானாக நடப்பதில்லை.

கோப்பைத் திறக்கவோ, நினைவகத்தில் இடம் பிடிக்கவோ, தேதி பார்க்கவோ எந்த மென்பொருளும் இயங்குதளத்தின் செயற்கூறுகளைத்தான் கூப்பிட வேண்டும். ஆனால் அந்தச் செயற்கூறு நினைவகத்தில் எந்த இடத்தில் இருக்கும் என்பது மென்பொருளை எழுதும்போது தெரியாது. அதனால் எக்ஸ்இ கோப்புக்குள் ஒரு பட்டியல் மட்டும் இருக்கும்: செயற்கூறுகளைத் தொகுத்துவைத்திருக்கும் இந்த டிஎல்எல் கோப்பிலிருந்து இந்தப் பெயருள்ள செயற்கூறு எனக்கு வேண்டும் என்று. நீங்கள் ஐகானைச் சொடுக்கியதும், மென்பொருளின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே, விண்டோஸ் அந்தப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே முகவரியை நிரப்பிவிடுகிறது. இம்போர்ட் அட்ரஸ் டேபிள் என்று அதற்குப் பெயர். அதன்பின் மென்பொருள் ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டியலில் உள்ள முகவரிக்கே போகும். அங்கே இருப்பது யார் என்று அது சரிபார்ப்பதில்லை.

எல்லா வித்தையும் இந்த இடத்தில்தான் நடக்கிறது. முகவரியை நிரப்பும் அந்த நொடியில் விண்டோஸ் ஒரு தகவல்தளத்தைப் புரட்டிப் பார்க்கிறது. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஆப்பேட்ச் என்ற ஃபோல்டரைத் திறந்தால், சிஸ்மெயின் என்ற பெயரில் அந்தக் கோப்பை நீங்களே பார்க்கலாம். பழைய மென்பொருட்களின் கோப்புப் பெயர், அளவு, பதிப்பு எண் ஆகியவற்றோடு, எதற்கு என்ன சிகிச்சை என்பதும் அதில் இருக்கிறது. சொடுக்கிய மென்பொருள் அதில் அகப்பட்டால், உண்மையான செயற்கூற்றின் முகவரிக்குப் பதிலாக ‘ஷிம்’ எனப்படும் ஒரு சிறு இடைநிரலின் முகவரி பட்டியலில் எழுதப்படும். மென்பொருள் விண்டோஸைக் கூப்பிடுவதாக நினைத்து ஷிம்மைக் கூப்பிடும். ஷிம் அந்த வேண்டுகோளை இன்றைய விண்டோஸுக்குப் புரியும்படி திருத்தி அனுப்பும். வரும் பதிலையும் பழைய மென்பொருளுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும். மென்பொருளில் ஒரு பைட்டைக்கூடத் தொடவில்லை. விண்டோஸின் மையத்திலும் மாற்றமில்லை. நடுவே உள்ள பட்டியலில் ஒரே ஒரு முகவரிதான் மாறியிருக்கிறது.

சென்னையில் கடிதம் வாங்கியவர்களுக்கு இது எளிதில் புரியும். அங்கே பல வீட்டு வாசல்களில் பழைய எண், புதிய எண் என்று இரண்டும் எழுதியிருக்கும். மாநகராட்சி எண்ணை மாற்றிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் ஊரிலிருந்து பெரியப்பா பழைய எண்ணுக்கே எழுதுவார். கடிதம் வந்து சேர்ந்துவிடும், ஏனென்றால் போஸ்ட்மேனுக்கு இரண்டு எண்ணும் தெரியும். ஷிம் அந்த போஸ்ட்மேன்தான். ஆனால் இவர் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு நிற்பதில்லை. உறையைப் பிரித்து, பெரியப்பாவின் வழக்கொழிந்த சொற்களை மாற்றி எழுதிக் கொடுப்பார். வீட்டுக்காரரின் பதிலையும் பெரியப்பா மனம் கோணாதபடி திருத்தி அனுப்புவார்.

அப்படித் திருத்தி அனுப்பும் பதில்களில் முதன்மையானது பதிப்பு எண். விண்டோஸ் 3.1 காலத்தில் பலர் சோதனையைத் தப்பாக எழுதிவைத்தார்கள். முதல் எண் 3 அல்லது அதற்கு மேல், இரண்டாம் எண் 10 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் ஓடுவேன் என்பது அந்தச் சோதனை. விண்டோஸ் 95-இன் பதிப்பு 4.0. நான்கு மூன்றைவிடப் பெரியது, ஆனால் சுழியம் பத்தைவிடச் சிறியது. “உங்கள் விண்டோஸ் மிகப் பழையது” என்று மென்பொருள் மறுத்துவிடும். அதனால் விண்டோஸ் 95 பழைய மென்பொருட்களிடம் தன் பதிப்பு 3.95 என்று சொன்னது. இன்றும் அதே கதைதான். விண்டோஸ் 11-இன் உள்பதிப்பு 10.0. விண்டோஸ் 10-ஐத் தெரியும் என்று தன் கோப்பில் அறிவிக்காத மென்பொருளிடம் அது 6.2, அதாவது விண்டோஸ் 8 என்றே சொல்கிறது. ஐகானை வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி என்ற பகுதியில் விண்டோஸ் எக்ஸ்பி என்று நீங்கள் தேர்ந்தெடுக்கும்போது, இப்படிப்பட்ட ஷிம்களில் ஒரு கட்டைத்தான் அவிழ்த்து விடுகிறீர்கள்.

இதன் உச்சம் சிம்சிட்டி. ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற மென்பொருள் வல்லுநர் 2004-இல் எழுதிய கட்டுரையால் பரவலாகத் தெரியவந்த செய்தி அது. சிம்சிட்டி விளையாட்டில் ஒரு பிழை இருந்தது. நினைவகத்தில் ஒரு பகுதியை “எனக்கு இனி வேண்டாம்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த கணமே அதிலிருந்து படிக்கும். விண்டோஸ் 3-இல் அந்த இடத்தை யாரும் உடனே எடுத்துக்கொள்ளாததால் பிழை வெளியே தெரியவில்லை. விண்டோஸ் 95 சோதனைப் பதிப்பில் விளையாட்டு படுத்துவிட்டது. வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தவர், விட்டுப்போன குடையை எடுக்க மறுநாள் வந்து கதவைத் திறக்கிற மாதிரி. பழைய வீட்டுக்காரர் ஒரு வாரம் பூட்டிப் போட்டிருந்தார், குடை அங்கேயே இருந்தது. புதியவர் அன்று மாலையே வேறு ஆளைக் குடிவைத்துவிட்டார். மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் செய்தது என்ன தெரியுமா? ஓடுவது சிம்சிட்டிதானா என்று பார்க்கும் நிரலை விண்டோஸுக்குள்ளேயே எழுதினார்கள். அதுதான் என்றால், காலியான இடத்தை உடனே யாருக்கும் கொடுக்காமல் கொஞ்சம் பிடித்துவைக்கும். தப்பு விளையாட்டை எழுதியவருடையது. ஆனால் கடையில் காசு கொடுத்து விண்டோஸ் 95 வாங்கியவர் விண்டோஸைத்தானே திட்டுவார்.

மைக்ரோசாஃப்டில் நெடுங்காலம் பணியாற்றும் ரேமண்ட் சென் இன்னொரு காட்சியைப் பதிவு செய்திருக்கிறார். விண்டோஸ் 95-இன் மேம்பாட்டு மேலாளர் தம் பிக்கப் டிரக்கை ஓட்டிக்கொண்டு எக்ஹெட் என்ற மென்பொருள் கடைக்குப் போய், அங்கிருந்த ஒவ்வொரு பிசி மென்பொருளிலும் ஒரு பிரதி வாங்கி வண்டியை நிரப்பிக்கொண்டு வந்தார். குழுவினர் ஆளுக்குச் சிலவற்றை எடுத்துப் போய்ச் சோதித்தார்கள். ‘பழையது ஓடும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது இந்த மாதிரியான உழைப்பு.

உங்கள் கணினியில் இதன் தழும்பு ஒன்று கண்ணெதிரே இருக்கிறது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, சிஸ்வாவ்64 என்று இரண்டு ஃபோல்டர்கள். 32 என்ற பெயருள்ளதில் 64-பிட் கோப்புகள், 64 என்ற பெயருள்ளதில் 32-பிட் கோப்புகள். எண்ணற்ற மென்பொருட்களில் சிஸ்டம்32 என்ற பெயரை அப்படியே எழுதிவைத்துவிட்டார்கள். அவற்றை 64-பிட்டுக்கு மாற்றும்போதும் அந்த வரி இருக்கும், ஆகவே பெயரை மாற்ற முடியவில்லை. பழைய 32-பிட் மென்பொருள் சிஸ்டம்32-ஐக் கேட்டால் விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் மற்ற ஃபோல்டருக்குக் கூட்டிப்போய்விடுகிறது. உறையில் ஒரே எண்தான். எழுதியவர் யார் என்று பார்த்து போஸ்ட்மேன் வேறு வீட்டில் சேர்க்கிறார்.

பழையதையும் ஓடவைக்கும் இந்த ஆசை விண்டோஸோடு பிறந்ததல்ல. 1964-இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையில்தான் ஒரு கணினிக்கு எழுதியது அதைவிடப் பெரிய கணினியிலும் ஓடும் என்ற உறுதி வணிகமாகியது. அதன் வழித்தோன்றல்களான மெயின்ஃபிரேம்கள் இன்றும் அந்த உறுதியைக் காப்பாற்றுகின்றன. வரலாறு இவ்வளவு போதும்.

இனி, எது ஓடாது? முதலில் 16-பிட். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ பில்லிங் இந்த வகை. விண்டோஸ் 10-இல் 32-பிட் பதிப்பு ஒன்று இருந்தது, அதில் இவை ஓடின. விண்டோஸ் 11-இல் அந்தப் பதிப்பே கிடையாது. 64-பிட் விண்டோஸ் சன்னல்களுக்கும் கோப்புகளுக்கும் தரும் அடையாள எண்ணில் 32 பிட்டுகள் வரை பயன்படுகின்றன, அதை 16 பிட்டுக்குள் வெட்டித் திணித்தால் தகவல் போய்விடும் என்பது மைக்ரோசாஃப்ட் சொல்லும் காரணம். ஆறு இலக்கப் பின்கோடு இருக்கும் ஊரில், மூன்று கட்டம் மட்டுமே அச்சிட்ட பழைய உறையோடு வந்து நிற்பது போலத்தான். எவ்வளவு பழகிய போஸ்ட்மேனாலும் அதைச் சேர்க்க முடியாது. ஆனாலும் இது இயற்கையின் தடை அல்ல. வைன் என்ற கட்டற்ற மென்பொருள், 64-பிட் லினக்ஸில் 16-பிட் விண்டோஸ் மென்பொருட்களை ஓட்டிக் காட்டுகிறது. மைக்ரோசாஃப்ட்டுக்கு அந்தச் செலவு இனி வேண்டாம், அவ்வளவுதான்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 1990-களின் சில மென்பொருட்கள் 32-பிட்தான், ஆனால் அவற்றை நிறுவும் செட்டப் 16-பிட். பரவலாக இருந்த இன்ஸ்டால்ஷீல்டு 5 போன்ற சிலவற்றை விண்டோஸ் அடையாளம் கண்டு, தன்னிடமுள்ள 32-பிட் செட்டப்பை அதற்குப் பதிலாக ஓட்டுகிறது. மற்றவை முதல் அடியிலேயே நின்றுவிடும். அப்போது மென்பொருள் ஓடாது என்று கைவிட வேண்டாம். பழைய கணினியில் நிறுவிய ஃபோல்டரை அப்படியே நகலெடுத்துப் புதியதில் வைத்தால் சில நேரம் ஓடிவிடும்.

இரண்டாவது, வன்பொருளை இயக்கும் டிரைவர்கள். ஷிம் வேலை செய்வது மென்பொருளின் எல்லைக்குள் மட்டும். டிரைவரோ இயங்குதளத்தின் மையத்துக்குள் ஓடுவது. கடிதம் எழுதுபவர் வேறு, தபால் நிலையத்துக்குள் உட்கார்ந்து கடிதம் பிரிப்பவர் வேறு. 64-பிட் மையத்தில் 32-பிட் டிரைவர் ஒருபோதும் ஏறாது. பழைய ஸ்கேனர், பிளாட்டர் எல்லாம் நின்றுபோவது இதனால்தான். டாங்கிளின் கொடுமையும் இதுவே. உள்ளே இருக்கும் தட்டச்சு மென்பொருளில் ஒரு குறையும் இருக்காது. பூட்டின் டிரைவர் ஏறாததால் மென்பொருள் வாசலிலேயே செத்துக் கிடக்கும். குறுந்தகட்டில் வந்த பழைய விளையாட்டுகள் பலவும் 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது இப்படித்தான் நின்றன. அவற்றின் நகல் தடுப்பு டிரைவரைப் பாதுகாப்பு கருதி மைக்ரோசாஃப்ட் விலக்கிவிட்டது. காசு கொடுத்து வாங்கியவரைத் தண்டிக்கும் இந்தப் பூட்டுகளை நான் ஒருபோதும் ஏற்றதில்லை.

ஆப்பிளுக்கு இந்தப் பொறுமை கிடையாது. 2019-இல் மேக்ஓஎஸ் கேட்டலினா பதிப்போடு 32-பிட் மென்பொருள் அனைத்தையும் நிறுத்திவிட்டது. இன்டெல் மென்பொருளைப் புதிய சிப்புகளில் ஓட்டும் ரொசெட்டா 2-ம் மேக்ஓஎஸ் 27 வரைதான் முழுமையாக இருக்கும் என்று அறிவித்திருக்கிறது. புதிய கணினி விற்பவருக்கு அது வசதி. உழைத்துச் சம்பாதிக்கும் கடைக்காரருக்கு அல்ல.

உங்களிடம் டாஸ் ஃபாக்ஸ்புரோ இருந்தால் டாஸைப் போலவே நடந்துகொள்ளும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற மென்பொருளில் ஓட்டிப் பாருங்கள், அச்சிடும் வசதியும் அதில் உண்டு. வேறு எதுவும் கைகொடுக்காவிட்டால், கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒன்றுக்குள் பழைய விண்டோஸை நிறுவி, அதற்கு இணைய இணைப்பு கொடுக்காமல் பயன்படுத்தலாம்.

ஆனால் மென்பொருளைவிட அவசரமானவை அது உண்டாக்கிய கோப்புகள். பேஜ்மேக்கருக்குப் பின் வந்தது இன்டிசைன். பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கத் தெரிந்த அதன் கடைசிப் பதிப்பு 2012-இல் வந்த சிஎஸ்6. அதன் பிறகு வந்தவை அவற்றைத் தொடுவதே இல்லை. பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பக்கங்கள் உண்மையில் ஆங்கில எழுத்துகளின் குறியீட்டில் சேமிக்கப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கிலக் கிறுக்கல். ஆகவே டிடிபி நண்பர்களே, பதிப்பாளர்களே, அப்கிரேடு பொத்தானை அழுத்துவதற்கு முன், பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே, உங்களிடமுள்ள புத்தகங்களையும் மலர்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து யூனிகோடுக்கு மாற்றி, பிடிஎஃப் நகலோடு இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் எடுத்து வையுங்கள்.