மோதிரம் இறுகினால் அலட்சியம் வேண்டாம்

டாலிகஞ்சிலிருந்து தினமும் வேலைக்குப் போய் வரும் நடுவயதுக்காரர் ஒருவருக்குக் கல்யாண மோதிரம் கழற்ற வராமல் இறுகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எட்டாம் நம்பர் செருப்பு பத்தாகிவிட்டது. அந்தமான் தண்ணீர் ஒத்துக்கொண்டது என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். இரண்டு வருஷம் கழித்து லீவில் ஊருக்குப் போனால் பெற்ற தாயார், “முகம் ஏன்டா இப்படி மாறிப் போச்சு?” என்று கேட்பார். கூடவே இருப்பவர்கள் கண்ணில் படாத மாற்றம் அது.

மூளையின் அடியில், மூக்கின் வேருக்குப் பின்னால், பட்டாணி அளவில் இருப்பது பிட்யூட்டரி சுரப்பி. தைராய்டு முதலான பல சுரப்பிகளுக்கு இதுதான் மேஸ்திரி. இதில் கட்டி வரலாம். கட்டி என்றதும் புற்றுநோய் என்று நடுங்க வேண்டாம். மிகப் பெரும்பாலானவை புற்று அல்ல. 10 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சிறு கட்டி, அதற்கு மேல் பெருங்கட்டி என்பது ஒரு பிரிவு. எந்த ஹார்மோனைச் சுரக்கிறது என்பது மற்றொன்று. நோயாளிக்கு முக்கியமானது இரண்டாவதே.

வளர்ச்சி ஹார்மோன் மிகுந்தால் சிறுவர் அளவு மீறி உயர்வார்கள். எலும்பு வளர்ந்து முடிந்த பெரியவர்களுக்கோ கை, கால், தாடை, நாக்கு தடிக்கும், பல்லிடை விரியும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கூடவே வரும். 1886-ல் பாரிஸ் டாக்டர் பியேர் மரி இதற்கு அக்ரோமெகலி என்று பெயரிட்டார். ‘கிரேட் காளி’ என்று பெயர் பெற்ற மல்யுத்த வீரர் தலிப் சிங் ராணா, இமாசலப் பிரதேசத்தில் கூலி வேலை செய்தவர். 7 அடிக்கு மேல் உயரம். 2012-ல் அமெரிக்காவில் அவருக்கு இந்தக் கட்டியை அகற்றினார்கள்.

அதிகம் காணப்படுவது புரோலாக்டின் சுரக்கும் கட்டி. பிரசவிக்காத பெண்ணுக்குப் பால் கசியும், மாதவிலக்கு நிற்கும். ஆணுக்கு ஆசை குறையும், ஆண்மை தளரும். வெட்கப்பட்டுக்கொண்டு லேகியக்காரரிடம் பணத்தைக் கொட்டுவோர் பலர்; பிள்ளையில்லை என்று பழி சுமப்பவளோ வீட்டுக்காரி. இத்தனைக்கும் பெரும்பாலும் ஆபரேஷனே வேண்டாம். காபர்கோலின் போன்ற மாத்திரையிலேயே கட்டி சுருங்கும். வாந்திக்குத் தரும் சில மருந்துகளும் தைராய்டு குறைவும் புரோலாக்டினை உயர்த்தும் என்பதால், ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்துக் கட்டி என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

மூன்றாவது, கார்ட்டிசாலைப் பெருக்கும் கட்டி. முகம் உருண்டு, வயிறு பெருத்து, கைகால் மெலிந்து, வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழும். 1932-ல் அமெரிக்க டாக்டர் ஹார்வி குஷிங் இதை விளக்கினார். மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் இதே கோலத்தைத் தரும். அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

ஹார்மோனே சுரக்காத கட்டியும் உண்டு. அது பெருத்து மேலே உள்ள கண் நரம்பை அழுத்தும். நேரே வரும் பஸ் தெரியும், பக்கத்தில் வரும் சைக்கிள் தெரியாது. கண்ணாடி மாற்றிப் பயனில்லை. திடீரென்று தாங்க முடியாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் மூன்றும் சேர்ந்தால் கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம், அன்றே ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பெருங்கட்டிக்கு மெயின்லேண்ட் போக நேரலாம். வேலூர் சி.எம்.சி.யில் 1949-லும் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1950-லும் மூளை அறுவைப் பிரிவுகள் தொடங்கின. மண்டையைத் திறக்காமல் மூக்கு வழியாகவே பெரும்பாலும் கட்டியை எடுக்கிறார்கள். அதன்பின் சிலருக்கு ஆயுள் முழுதும் ஹார்மோன் மாத்திரை தேவைப்படும். கப்பலில் சென்னையிலிருந்து திரும்ப மூன்று நாளாகும். கடல் கொந்தளித்தால் இன்னும் தாமதம். அப்படிப்பட்டவர்கள் ஒரு வார மாத்திரையைக் கூடுதலாக, பெட்டியில் அல்ல, கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.