இட்டலிக்கு எது துணை?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - வேதியியல்)

தீர்க்க முடியாத வழக்குகள் உலகில் பல உண்டு. அவற்றுள் ஒன்று நம் கல்லூரி வேப்பமரத்தடியில், நண்பகல் உணவு வேளையில், ஓராண்டுக்கும் மேலாக நடந்து வருகிறது. வழக்கின் பொருள் இதுதான்: இட்டலிக்குத் தொட்டுக்கொள்ளச் சிறந்தது எது? வாதி, சிதம்பரம் கத்தரிக்காய்க் கொத்சு. பிரதிவாதி, கடலூர் மீன் குழம்பு. சாம்பாரும் தேங்காய்ச் சட்டினியும் இவ்வழக்கில் சாட்சிகளாகக்கூட அழைக்கப்படவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாதாடுவோர் என் தோழியர் இருவர். ஒருத்தி சிதம்பரத்திலிருந்து வருகிறவள். பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று நின்று நின்று வரும் பயணிகள் வண்டியில், மடியில் அடுக்குப் பாத்திரத்தோடு வந்து இறங்குவாள். மற்றவள் தேவனாம்பட்டினத்துக்காரி. அவள் வீட்டுக் கூரையில் நின்றால் கல்லூரி தெரியும். ஆயினும் நாள்தோறும் தாமதமாக வருகிறவள் அவள்தான். நான் பண்ணுருட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எதிர்த்திசை வண்டியில் வருகிறேன். இரு கட்சியிலும் சேராதவள் என்பதால் நடுவர் பதவி என்மேல் விழுந்தது.

'சோற்றுச் சண்டையை மலரில் எழுதுவதா?' என்று பேராசிரியப் பெருமக்கள் முகம் சுளிக்கலாம். மேல்நாட்டார் இதைவிடப் பெரிய சண்டைகள் போட்டிருக்கிறார்கள். இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு இடையே இறைச்சியை வைத்துத் தின்னும் 'சாண்ட்விச்', 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாண்ட்விச் பிரபுவின் பட்டத்தால் பெயர் பெற்றது. வரலாற்றாசிரியர் கிப்பன் 1762இல் தம் நாட்குறிப்பில் அதைக் குறித்து வைத்தார். அதன் நடுவே எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்னும் வாதம் இன்றும் ஓயவில்லை. பிட்சா என்னும் இத்தாலிய ரொட்டியின்மேல் அன்னாசித் துண்டுகளைப் பரப்பும் வழக்கத்தை 1962இல் கனடாவில் ஓர் உணவு விடுதிக்காரர் தொடங்கினார். 2017இல் ஐசுலாந்து நாட்டுக் குடியரசுத் தலைவர் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசுகையில், தம்மால் முடிந்தால் அதைத் தடை செய்துவிடுவேன் என்று விளையாட்டாகச் சொல்லிவைத்தார். அது உலகச் செய்தியாகிவிட்டது. அப்படிச் சட்டம் இயற்ற எனக்கு அதிகாரமில்லை என்று அவரே பின்னர் விளக்கம் தர வேண்டியதாயிற்று. குடியரசுத் தலைவருக்கே அக்கதி என்றால், வேப்பமரத்தடி நடுவருக்கு என்ன கதி என்று எண்ணிப் பாருங்கள்.

இனி வழக்குக்கு வருவோம். கொத்சு என்பது என்ன? சிதம்பரத்தில் நடராசப் பெருமானுக்குச் சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும் படைப்பது வழக்கம். சம்பா சாதம் என்பது வடித்த சோற்றில் நெய்விட்டு, வறுத்துப் பொடித்த மிளகும் சீரகமும் கலந்தது. அந்தக் காரத்துக்கு ஈடாகப் புளிப்பாக ஒன்று வேண்டும், அதுதான் கொத்சு. கன்னட நாட்டில் 'கொஜ்ஜு' என்று ஒரு புளிப்புக் குழம்பு உண்டு. பெயரிலும் பக்குவத்திலும் இதற்கு அது உறவு போலத் தோன்றுகிறது. கோயிலில் சோற்றுக்குத் துணையாக இருந்தது, ஊருக்குள் வந்ததும் இட்டலிக்கும் வெண்பொங்கலுக்கும் துணையாயிற்று. இன்று சிதம்பரத்தில் சிற்றுண்டிச் சாலைகளிலும் வீடுகளிலும் இட்டலியோடு கொத்சு கேட்டால் யாரும் வியப்பதில்லை.

கொத்சுக் கட்சிக்குள்ளேயே உட்பிரிவுகள் பல. கத்தரிக்காயைத் தணலில் சுட்டுத் தோலுரித்து மசிப்பதே முறை என்பார் ஒரு சாரார். நறுக்கி நல்லெண்ணெயில் வதக்கிப் புளித்தண்ணீரில் வேகவிட்டு மசிப்பதே முறை என்பார் மறு சாரார். கொத்துமல்லி விதை, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய் மூன்றையும் வறுத்துப் புதிதாகப் பொடித்துப் போட வேண்டும் என்பதில் மட்டும் எல்லாரும் ஒன்றுபடுகிறார்கள். கோயில் முறையில் வெங்காயமில்லை. வீட்டு முறையில் சின்ன வெங்காயம் உண்டு. தக்காளி சேர்த்தால் தோழியின் பாட்டி அதைக் கொத்சு என்றே ஒப்புக்கொள்ள மாட்டாராம். வெந்த பருப்பைச் சேர்ப்பவர்களைப் பற்றி அவர் சொல்வதை இங்கே அச்சிட இயலாது.

வேதியியல் மாணவி என்ற முறையில் கத்தரிக்காயைப் பற்றி ஒரு சொல். அதன் சதை பஞ்சு போன்றது. உள்ளே காற்றறைகள் நிறைந்தது. அதனால்தான் வாணலியில் இட்டவுடன் எண்ணெயை எல்லாம் குடித்துவிடுகிறது. வெந்து அறைகள் அமுங்கியபின் குடித்ததில் ஒரு பகுதியைத் திரும்பக் கக்குகிறது. 'எண்ணெய் பிரிந்து வர வேண்டும்' என்று சமையற்கட்டில் சொல்வது இதைத்தான். நறுக்கிய கத்தரிக்காய் கறுப்பது அதிலுள்ள பினால் வகைச் சேர்மங்கள் ஒரு நொதியின் துணையால் காற்றிலுள்ள ஆக்சிசனோடு வினைபுரிவதால். தண்ணீரில் போட்டு வைத்தால் காற்று படுவது குறையும். புளித்தண்ணீராக இருந்தால் அமிலம் அந்த நொதியின் வேகத்தையும் தணிக்கும். நம் தாய்மார்கள் இதை எந்த ஆய்வகத்திலும் கற்கவில்லை.

பிரதிவாதியின் தரப்புக்கு வருவோம். தேவனாம்பட்டினத்துத் தோழி சொல்வது புது மீன் குழம்பை அன்று. முதல்நாள் வைத்த குழம்பை. சங்கரா, கிழங்கான், கவளை, எதுவானாலும் சரி, மண்சட்டியில் இரவு முழுவதும் ஊறிய குழம்பைக் காலையில் ஒரு கொதி சுடவைத்து, ஆவி பறக்கும் இட்டலிமேல் ஊற்ற வேண்டும். ஊறிய குழம்பு ஏன் சுவைக்கிறது? உப்பும் புளிப்பும் மீனின் சதைக்குள் மெல்ல மெல்ல இறங்குகின்றன. மசாலாவின் மணப்பொருள்கள் எண்ணெயில் கரைந்து பரவுகின்றன. இரண்டுக்கும் நேரம் வேண்டும்.

புளிக்கு இன்னொரு வேலையும் உண்டு. கடல் மீனின் உடலில் டிரைமெத்திலமீன் ஆக்சைடு என்னும் பொருள் இருக்கிறது. மீன் இறந்தபின் நுண்ணுயிர்கள் அதை டிரைமெத்திலமீனாக மாற்றுகின்றன. 'மீன் கவிச்சி' என்று மூக்கைப் பிடிக்கிறோமே, அதில் பெரும்பங்கு இந்த அமீனுடையது. அமீன் ஒரு காரம். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பு என்பது நாம் முதலில் கற்ற பாடம். உப்பானபின் அது ஆவியாகி மூக்குக்கு வராது. ஆகவே மீன் குழம்பில் புளி ஊற்றுவது சுவைக்கு மட்டுமன்று. இதை நான் மரத்தடியில் விளக்கியபோது தோழி, "இதுக்கா மூணு வருஷம் படிக்கிற? எங்க ஆயாவைக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருக்கும்" என்றாள்.

நடுவர் என்ற முறையில் நான் கண்ட உண்மை, இவ்விரு பகைவரும் பங்காளிகள் என்பதே. புளி, கொத்துமல்லி, மிளகாய், நல்லெண்ணெய் என்று அடிப்படை இருவருக்கும் ஒன்றுதான். ஒன்றில் கத்தரிக்காய், மற்றதில் மீன். இட்டலியோடு சேரும் விதத்தில்தான் வேற்றுமை. அரிசியும் உளுந்தும் ஏறக்குறைய நான்குக்கு ஒன்று என்று அரைத்த மாவு இரவில் புளிக்கிறது. அதைப் பொங்கச் செய்வதில் முதற்பங்கு லூக்கனாஸ்டாக் மெசன்டிராய்ட்ஸ் என்னும் நுண்ணுயிருக்கு உரியது என்று 1965இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அது உண்டாக்கும் கரியமில வாயுவை உளுந்தின் கொழகொழப்பு பிடித்து வைக்கிறது. வெந்தபின் அக்குமிழிகள் துளைகளாகின்றன. மீன் குழம்பு நீர்த்திருப்பதால் அத்துளைகளில் இறங்கி அடிவரை செல்கிறது. கொத்சு கெட்டியாகையால் மேலேயே அமர்ந்துவிடுகிறது. 'இட்டலியின் சுவையும் தெரிய வேண்டாமா?' என்கிறாள் ஒருத்தி. 'இட்டலிக்கு ஏதடி தனிச்சுவை?' என்கிறாள் மற்றவள். வழக்கின் உயிர்நாடி இந்த இடத்தில்தான் இருக்கிறது.

'எங்களுடையதே ஆதி உணவு' என்ற வாதத்தை மட்டும் நான் தள்ளுபடி செய்துவிட்டேன். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில்தான் இந்நாட்டுக்கு வந்தது. மிளகைப் போல் காரமான காய் என்பதால் நாம் அதற்கு மிளகாய் என்று பெயரிட்டோம். தக்காளியும் அங்கிருந்து வந்ததே. ஆகவே சிவந்த மீன் குழம்பும், காய்ந்த மிளகாய் வறுத்த கொத்சும் இன்றைய உருவில் அதற்கு முன் இருந்திருக்க முடியாது. மிளகும் சீரகமும் மட்டும் சேர்ந்த சம்பா சாதம் பழைய நாக்கின் சுவை. தோழியர் இருவரின் ஊர்களுக்கும் இடையே இருக்கும் துறைமுக ஊரின் பெயர் பரங்கிப்பேட்டை. போர்ச்சுகீசியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, அதாவது புதிய துறைமுகம். வழக்கின் எல்லைக்கல் அங்கேயே நிற்கிறது!

ஒருநாள் சிதம்பரத்துத் தோழி, "உங்க வீட்ல இட்டலிக்கு என்னடி?" என்று கேட்டாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அன்று மாலை இந்த வழக்கை எங்கள் ஆயாவிடம் சொன்னேன். ஆயா நெடுநேரம் சிரித்துவிட்டு, "தொட்டுக்க எதுன்னா சண்ட போடறீங்க? எங்களுக்கெல்லாம் இட்டலி எப்பன்னுதான் சண்ட" என்றது. ஆயாவின் காலத்தில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் எங்கள் ஊரில் இட்டலி. மற்ற நாளில் கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும். பகலெல்லாம் கூலி வேலை செய்துவிட்டு வந்து ஆட்டுக்கல்லில் உளுந்தாட்ட எந்தக் கைக்குத் தெம்பு இருக்கும்? உளுந்து வாங்கக் காசும் வேண்டுமே. கூழுக்குத் தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடு, இல்லையென்றால் வெங்காயமும் மிளகாயும். அதற்கு வழக்கு நடத்தியவர் யாருமில்லை.

சென்ற ஏப்ரல் இறுதியில் தோழியர் இருவரும் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்கள். எனக்கு உள்ளூர ஒரு தயக்கம். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை செய்கிறவர். கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெயில் அனகார்டிக் அமிலம் இருக்கிறது. அது தோலை அரித்துக் கருக்கிவிடும். சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவார்கள். என்றாலும் விரல்கள் கறுத்து வெடித்துத்தான் இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அந்தக் கையால் பரிமாறுவதைத் தோழியர் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இங்கே எழுதுவதற்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாத காலம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. நல்ல மீன் கிடைப்பது அரிது. அம்மா விறகடுப்புத் தணலில் ஆறு கத்தரிக்காய்களைப் போட்டுப் புரட்டினார். தோல் கரியானதும், சூடு ஆறுமுன்னே விரலால் உரித்தார். பாதியைக் கொத்சாக மசித்தார். மற்றொரு சட்டியில், நறுக்கிய கத்தரிக்காயும் தேவனாம்பட்டினத்துத் தோழி கொண்டுவந்த நெத்திலிக் கருவாடும் சேர்ந்து குழம்பாயின. சிதம்பரத்துத் தோழி அம்மாவின் கையைப் பார்த்து, "தணல்ல சுட்டுதா அம்மா?" என்றாள். "இது கொட்டை எண்ணெய் கண்ணு, அடுப்பு இந்தக் கையை என்னா செய்யும்?" என்றார் அம்மா. நான் அனகார்டிக் அமிலத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். "கையுறை தர மாட்டாங்களாடி?" என்று இடைமறித்தாள் தேவனாம்பட்டினத்துக்காரி. கொட்டையைப் பிடித்து உடைக்கக் கையுறை தோதுப்படாது, வேகம் குறைந்தால் கூலி குறையும் என்றார் அம்மா. அவள் அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவிடமிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு தானே பரிமாறினாள்.

அன்றைய தீர்ப்பைச் சொல்லாமல் விடுவது முறையன்று. சிதம்பரத்துக்காரி வீட்டில் புலால் இல்லை. அவள் எங்கள் வீட்டுக் கொத்சை மூன்று இட்டலிக்கு உண்டுவிட்டு, "பாட்டிகிட்டச் சொல்லாதடி, இதுல புகை வாசம் தூக்கலா இருக்கு, எனக்கு இதான் பிடிச்சிருக்கு" என்றாள். தேவனாம்பட்டினத்துக்காரி கருவாட்டுக் குழம்பில் கருவாட்டை ஒதுக்கிவிட்டுக் கத்தரிக்காயை மட்டும் தேடித் தேடி எடுத்தாள். இதைச் சாட்சியமாகப் பதிவு செய்தபோது, தான் அவ்வாறு செய்யவே இல்லை என்று மறுத்தாள்.

நடுவரின் நடுநிலையில் இரு தரப்புக்கும் ஐயம் எழுந்ததால், வழக்கு தமிழ்த்துறை ஐயா ஒருவரிடம் மேல்முறையீடாகச் சென்றது. இரண்டு அடுக்குப் பாத்திரங்கள் துறைக்கு அனுப்பப்பட்டன. ஐயா கொத்சோடு நான்கும், மீன் குழம்போடு நான்கும் உண்டு, கை கழுவி, மேலும் சான்றுகள் தேவைப்படுவதால் வழக்கை அடுத்த வெள்ளிக்கிழமைக்கு ஒத்திவைப்பதாக அறிவித்தார். அதற்குப் பின் நான்கு வெள்ளிக்கிழமைகள் சென்றுவிட்டன. ஒவ்வொரு வெள்ளியும் பாத்திரங்கள் காலியாகத்தான் திரும்பி வருகின்றன.