கயிறு மறையும் கலை

சண்டைக் காட்சியில் நாயகன் அந்தரத்தில் பறக்கிறாரே, அவரைத் தூக்கிய கயிறு எங்கே போனது? சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம். 5 நொடிப் பாய்ச்சலுக்கு 120 படங்கள். அத்தனையிலும் கயிற்றைத் தேடி அழித்து, அந்த இடத்தில் வானத்தையோ சுவரையோ நிரப்புகிறார் கணினி முன் அமர்ந்திருக்கும் ஒரு கலைஞர். அசாத்தியப் பொறுமை வேண்டும்! இப்படிப்பட்ட உழைப்புக்கு மரியாதையும் உண்டு: 2010-இல் வெளிவந்த ‘எந்திரன்’ படம், சிறப்புக் காட்சிகளுக்காகத் தேசிய விருது வாங்கியது.

கள்ளக்குறிச்சியிலோ கல்வராயன் மலையிலோ, நோட்டு ஓரமெல்லாம் படம் வரைகிற பிளஸ் டூ பிள்ளை உங்கள் வீட்டில் உண்டா? சென்னை தரமணியில், எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷனுக்கும் இதுபோன்ற சிறப்புக் காட்சி வேலைகளுக்கும் என்றே 4 ஆண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. அனிமேஷனுக்கு அங்கே வைத்திருக்கும் தமிழ்ப் பெயர், உயிர்ப்பூட்டல்.