போர்வீரரும் அரசாங்க உத்தியோகமும்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. ஆங்கிலத்தில் அரசாங்கத்தைக் குறிக்கும் சொல்லே நாட்டார் நாவில் கோறணமேந்து ஆயிற்று. மாதந்தவறாத சம்பளம், முதுமையில் ஓய்வூதியம், ஊரிலே ஒரு மதிப்பு ஆகிய மூன்றும் அச்சிறு வாக்கியத்தில் அடங்கிக் கிடக்கின்றன. இவ்வாசை வடக்கிற்கு மட்டும் உரியதன்று. கட்டுகஸ்தோட்டைச் சந்தியிலே காலை வேளையில் நின்று பார்ப்பவர், மகாவலி கங்கைப் பாலத்தைக் கடந்து கண்டிக்குச் செல்லும் பஸ் வண்டிகளில், சான்றிதழ்க் கோவையை மார்போடு அணைத்தபடி பரீட்சைக்கும் நேர்முகத் தேர்வுக்கும் செல்லும் இளைஞரையும் யுவதிகளையும் காண்பர்.

அக்கூட்டத்திலே சற்று வேறுபட்ட ஒருவரையும் கற்பனை செய்து பார்க்கலாம். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். முதுகு நிமிர்ந்திருக்கும், தலைமயிர் ஒட்ட வெட்டப்பட்டிருக்கும். இருபத்திரண்டு ஆண்டுகள் இராணுவத்திற் சேவை செய்து, ஓய்வூதியத்தோடு வீடு திரும்பியவர் அவர். மூத்த பிள்ளை சாதாரண தரம் படிக்கின்றது. வீட்டுக் கடன் முடியவில்லை. இளைஞர் ஏந்திச் செல்லும் அதே விண்ணப்பப் பத்திரத்தைத்தான் அவரும் ஏந்திச் செல்கின்றார். இத்தகையோருக்கு அரசாங்கம் என்ன கடமைப்பட்டிருக்கின்றது? அக்கடமையை, அருகில் நிற்கும் இளைஞருக்கு அநீதி நேராமல் எவ்வாறு நிறைவேற்றலாம்? நேயர்கள் சிந்திக்க வேண்டிய வினாக்கள் இவ்விரண்டுமே.

முற்காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வடிவில் எழவில்லை. கண்டி இராச்சியத்திலே இராஜகாரியம் என்னும் முறை நிலவியது. நிலத்தை அனுபவித்த குடிகள் அதற்கு ஈடாக அரசனுக்கு ஊழியஞ் செய்தனர். போர் மூண்டபோது படைக்கலம் ஏந்தியவர்களிற் பெரும்பாலோர் இத்தகைய குடிகளே. போர் ஓய்ந்ததும் அவர்கள் வயலுக்குத் திரும்பினர். ஏர் அவர்களுக்காகக் காத்திருந்தது. 1815இல் இராச்சியம் வீழ்ந்தது. 1832இல் இராஜகாரிய முறையும் ஒழிக்கப்பட்டது. சம்பளம் பெறும் நிலையான படை ஏற்பட்ட பின்னரே, "சம்பளம் நின்றபின் என்ன செய்வது?" என்ற கேள்வியும் பிறந்தது.

இரண்டாவது உலக யுத்தம் இக்கேள்வியை உலகெங்கும் எழுப்பிற்று. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும், 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றினார். பேராதனைப் பூங்காவின் மரநிழலிலே போர்த்திட்டங்கள் வகுக்கப்பட்டன. யுத்தம் முடிந்தது, படைகள் கலைந்தன, கண்டியில் உள்ள யுத்த மயானம் அக்காலத்தின் சாட்சியாக எஞ்சி நிற்கின்றது. சுதந்திரத்தின் பின், 1949 அக்டோபர் 10ஆம் திகதி இலங்கையின் நிரந்தர இராணுவம் உருவாயிற்று. 1983 முதல் 2009 மே மாதம் வரை நீடித்த உள்நாட்டுப் போர் அப்படையைப் பன்மடங்கு பெருக்கியது. 2023 ஜனவரியில் அரசாங்கம் ஓர் அறிவித்தல் விடுத்தது. இராணுவத்துக்கு அனுமதிக்கப்பட்டிருந்த ஆளணி 2,00,783. அதனை 2024ஆம் ஆண்டளவில் 1,35,000 ஆகவும், 2030ஆம் ஆண்டளவில் 1,00,000 ஆகவும் குறைப்பதே திட்டம் என்பது அதன் சாரம். ஆகவே, சீருடை களைந்து ஊர் திரும்புவோரின் வாழ்வு இனி நாட்டின் பொதுக் கருமமாகும்.

பிறநாட்டார் இதனை எவ்வாறு கையாண்டனர் என்று பார்ப்போமாக. பிரஷ்ய நாட்டிலே பன்னிரண்டு ஆண்டு சேவை செய்த கீழ்நிலைப் படையதிகாரிகளுக்கு அரசாங்கச் சிற்றுத்தியோகங்கள் உரிமையாக வழங்கப்பட்டன. பிரித்தானியாவில் 1944ஆம் ஆண்டிலே இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. ஒன்று, போருக்குச் சென்றவரை அவருடைய பழைய வேலையில் மீண்டும் அமர்த்த வேண்டும் என விதித்தது. மற்றையது, இருபது பேருக்குக் குறையாத ஊழியரைக் கொண்ட முதலாளிமார் நூற்றுக்கு மூவர் வீதம் ஊனமுற்றோருக்கு வேலை கொடுக்க வேண்டும் என விதித்தது. போரிலே உறுப்பிழந்தோர் இதனாற் பயனடைந்தனர். இரண்டாவது முறை 1990களின் நடுப்பகுதி வரை நிலவிற்று.

ஐக்கிய அமெரிக்காவில் அதே 1944ஆம் ஆண்டு ஒரு சட்டம் நிறைவேறியது. அங்கே கையாளப்பட்டது புள்ளி முறை. அரசாங்க உத்தியோகப் பரீட்சை எழுதிய முன்னாள் வீரருக்கு ஐந்து புள்ளிகளும், சேவையில் ஊனமுற்றவருக்குப் பத்துப் புள்ளிகளும் மேலதிகமாகச் சேர்க்கப்பட்டன. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பின்னாளில் திருத்தப்பட்ட முறைப்படி, முதலில் பரீட்சையிற் சித்தியடைய வேண்டும். அதன் பின்னரே சலுகை. தகுதியில்லாதவரைத் தகுதியுள்ளவராக்க அத்திருத்திய முறை முயலவில்லை. தகுதியுள்ளோருள் ஒருவரைச் சற்று முன்னே நிறுத்தியது.

அயல்நாடான இந்தியா ஒதுக்கீட்டு முறையைத் தழுவியது. 1979ஆம் ஆண்டு விதிகளின்படி, மத்திய அரசாங்கத்தின் மூன்றாந்தரப் பதவிகளில் நூற்றுக்குப் பத்தும், நான்காந்தரப் பதவிகளில் நூற்றுக்கு இருபதும் முன்னாள் படைவீரருக்கென ஒதுக்கப்பட்டன. வயதுத் தடையை அவ்விதிகள் நீக்கிய முறை மிக எளிது. ஒருவர் இருபது வயதிற் படையிற் சேர்ந்து நாற்பது வயதில் விலகினார் என்று கொள்வோம். நாற்பதிலிருந்து சேவைக் காலமான இருபதைக் கழித்தால் எஞ்சுவது இருபது. இவ்வாறு கழித்துப் பெறும் வயது, பதவிக்குரிய உச்ச வயதை மூன்று ஆண்டுகளுக்கு மேல் விஞ்சாதிருந்தாற் போதும். உச்ச வயது இருபத்தைந்தாக இருப்பினும் அவர் விண்ணப்பிக்கலாம். நாட்டுக்குக் கொடுத்த ஆண்டுகளை நாடு அவர் வயதில் எண்ணுவதில்லை என்பதே இதன் கருத்து. மேலும், மெற்றிக்குலேசன் படித்துப் பதினைந்து ஆண்டு சேவை செய்தவரை, தொழில்நுட்ப அறிவு வேண்டாத சில பதவிகளுக்குப் பட்டதாரிக்கு நிகராகக் கொள்ளவும் அங்கே வழியுண்டு. தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இவ்விடயங்களிலே வழிகாட்டுகின்றன.

எனினும், ஒதுக்கிய இடங்கள் யாவும் நிரம்பிவிடவில்லை. வேண்டிய கல்வித் தகைமையோ, தட்டெழுத்து, கணினி முதலிய பயிற்சியோ உடையவர் போதிய அளவில் முன்வராமையால் பல இடங்கள் வெறுமையாகவே எஞ்சின. கதவைத் திறந்து வைத்தல் மட்டும் போதாது. வாசற்படியேறும் வலுவையும் கொடுக்க வேண்டும் என்பது இந்திய அனுபவம் புகட்டும் பாடமாகும்.

இலங்கையிலே 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகார சபை நிறுவப்பட்டது. படைவீரரின் நலனும், ஊனமுற்றோரின் புனர்வாழ்வும், உயிர்நீத்தோரின் குடும்ப நலனும் அதன் பொறுப்பாகும். ஆயினும் அரசாங்க உத்தியோகத்திற் புகுவதற்கு, ஒவ்வொரு பதவிக்கும் வகுக்கப்பட்ட ஆட்சேர்ப்புத் திட்டத்தின் நிபந்தனைகளையே நோக்க வேண்டும். அங்கே முன்னாள் வீரர் எதிர்கொள்ளும் தடைகள் மூன்று: வயது, சான்றிதழ், மொழி.

வயதைப் பற்றி முன்னரே கூறப்பட்டது. இரண்டாவது தடை சான்றிதழ். பதினெட்டு, இருபது வயதிற் படையிற் சேர்ந்தவர் பலர் சாதாரண தரத்தோடு கல்வியை நிறுத்தியவர். ஆயினும் அவர் கைகள் கல்லாதிருந்தன என்று எவரும் கூறமுடியாது. கனரக வாகனம் ஓட்டுவார்; மின்பிறப்பாக்கியைப் பழுதுபார்ப்பார்; காயத்துக்குக் கட்டுப் போடுவார்; ஐந்நூறு பேருக்குச் சமைப்பார்; களஞ்சியக் கணக்கை ஓர் ஆணி பிசகாமல் எழுதுவார். இவை யாவும் தொழில்களே. குறை என்னவெனில், இவற்றுக்குக் குடிசார் உலகம் ஒப்புக்கொள்ளும் கடதாசி அவர் கையில் இல்லை. தேசிய தொழிற்றகைமை என்னும் ஏற்பாட்டிலே, முன்னர்க் கற்றதையும் பழகியதையும் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் வழி ஒன்று உண்டு. விலகிய பின் இதற்காக அலைவதிலும், சேவையின் இறுதியாண்டிலேயே இதனை முடித்துக்கொள்வது நன்று. விடுவிப்புச் சான்றிதழ், சேவைப் பதிவேடு, மருத்துவ அறிக்கை ஆகியவற்றை ஒழுங்காகப் பெற்றுப் பாதுகாத்து வைத்தலும் அவசியம்.

மூன்றாவது தடை மொழி; தமிழ் நேயர்கள் மிகக் கவனிக்க வேண்டியதும் இதுவே. 2007 ஜூலை 1ஆம் திகதி முதல் அரச சேவையிற் சேர்வோர் இரண்டாவது அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரசாங்க நிருவாகச் சுற்றறிக்கை விதித்தது. கண்டி மாவட்டத்திலே இதன் அவசியம் கண்கூடு. தோட்டத்திலிருந்து ஒரு மூதாட்டி பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்காகப் பிரதேச செயலகத்துக்கு வருகின்றார். அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். மேசைக்கு அப்பால் இருப்பவர் முன்னாள் இராணுவ வீரராக இருக்கட்டும், "அம்மா, உட்காருங்கள், என்ன வேண்டும்?" என்று அவர் தமிழிற் கேட்பாராயின் அப்போதே பாதி வேலை முடிந்துவிடும். அதட்டிக் கேட்பாராயின் அக்கந்தோர் மூதாட்டியின் கண்ணுக்கு ஒரு காவலரணாகவே தோன்றும். படையிலே கட்டளை ஆளும்; கந்தோரிலே விளக்கம் ஆளவேண்டும். இந்த மனமாற்றத்தைக் கற்பிக்காத பயிற்சி அரைகுறைப் பயிற்சியே.

இனி நீதியைப் பற்றிய கேள்விக்கு வருவோம். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில், பரீட்சையிற் சித்திபெற்ற முன்னாள் படைவீரர் அனைவரையும் ஏனையோருக்கு முன்னே நிறுத்தும் சட்டம் ஒன்று இருந்தது. ஹெலன் பீனி என்னும் அரசாங்க ஊழியப் பெண்மணி பரீட்சைகளில் உயர்ந்த புள்ளிகள் பெற்றும், தம்மிற் குறைந்த புள்ளி பெற்ற முன்னாள் வீரர்களுக்குப் பின்னே தள்ளப்பட்டார். படையிற் சேவை செய்தோர் மிகப் பெரும்பாலும் ஆண்களாதலின், இச்சட்டம் பெண்களை ஒதுக்குகின்றது என அவர் வழக்காடினார். 1979இல் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் எனத் தீர்த்தது. பெண்களுக்குத் தீங்கு நினைத்து அது இயற்றப்படவில்லை என்பது காரணம். சட்டம் நிலைத்தது, ஆனால் அப்பெண்மணி எழுப்பிய கேள்வி மறையவில்லை.

அக்கேள்வி இலங்கைக்கும் உரியது. இலங்கைப் படைகளிலே பெரும்பாலோர் சிங்கள மக்கள். தமிழரின் தொகை மிகச் சிறிது. ஆகையால், ஒரு பதவியைப் படைவீரருக்கென முற்றாக ஒதுக்குவது, சொல்லிற் பொதுவாயினும் விளைவில் ஒரு சமூகத்துக்கு ஒதுக்குவதாக முடியக்கூடும். போரின் மறுபக்கத்தையும் மறத்தலாகாது. புனர்வாழ்வு முகாம்களிலிருந்து வெளிவந்த முன்னாள் போராளிகள் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்களிற் சிலர் வன்னியிலே சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகளில் வேலை பெற்றனர். ஏனையோர் பலர் இன்றும் நிலையான தொழிலுக்காக ஏங்குகின்றனர். துவக்கைக் கீழே வைத்த கை எதுவாயினும், அதற்கு ஒரு வேலை கிடைக்கும்போதே போர் உண்மையில் முடிகின்றது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்கின், நடுவுநிலை வழி ஒன்று புலப்படும். வயதிலே சலுகை கொடுக்கலாம். அது இழந்த காலத்தை ஈடுசெய்வதேயன்றி எவர் தகுதியையும் குறைப்பதன்று. சித்தியடைந்தோருக்கு அளவான புள்ளி கொடுக்கலாம்; உறுப்பிழந்தோருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம். அச்சலுகையை ஒருமுறைக்கு மட்டுப்படுத்தலாம். ஆனால் தகைமையிலும் மொழியிலும் விட்டுக்கொடுத்தல் ஆகாது. ஏனெனில் அதன் இழப்பைச் சுமப்பவர், கந்தோர் வாங்கிலே காத்திருக்கும் ஏழைப் பொதுமகன்.

அதனோடு, ஆளறிந்து பணி கொடுத்தலும் வேண்டும். திருக்குறளிலே படைமாட்சி, படைச்செருக்கு என்னும் அதிகாரங்கள் வீரத்தைப் போற்றுகின்றன. தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரமோ, இன்ன கருமத்துக்கு இன்னார் ஏற்றவர் என ஆராய்ந்து அமர்த்துவதைப் பேசுகின்றது. வீரத்தைப் போற்றிய அந்நூல், வீரர் என்ற காரணத்தால் மட்டும் ஒருவரை எப்பணியிலும் அமர்த்தச் சொல்லவில்லை. மண்சரிவும் வெள்ளமும் அஞ்சும் மலைநாட்டிலே இடர்காப்புப் பணிக்கும், தீயணைப்புக்கும், வைத்தியசாலை அம்புலன்சுக்கும், களஞ்சியத்துக்கும் முன்னாள் வீரரைவிட ஏற்றவர் யாவர்? எழுத்து வேலைக்கு அவர் வரவேண்டுமாயின், ஏனையோரைப் போலப் படித்தே வரட்டும்.

கட்டுகஸ்தோட்டைச் சந்தியிலே பஸ் வருகின்றது. முன்னாள் வீரரும், பல்கலைக்கழகம் முடித்த யுவதியும், தோட்டத்து இளைஞனும் அதில் ஏறுகின்றனர். மூவரும் ஒரே பாலத்தைக் கடந்து ஒரே நகருக்குச் செல்கின்றனர். ஒருவருக்கு இடம் கொடுப்பதற்காக இன்னொருவரை வழியில் இறக்கிவிடாத அரசாங்கமே நல்லரசாங்கம் எனப்படும்.