கதவுக்குப் பின்னாடி பால் கணக்கு!

ரூமை அழகாக்கணும்னா என்ன பண்றீங்க? போஸ்டர், மணிபிளான்ட், சீரியல் பல்பு... அவ்ளோதானே? ஒரு நாள் காரைக்குடிக்கு பஸ் ஏறுங்க பாஸ்! முனீஸ்வரன் கோயில் தெருவுல வீடுகளே பார்ட் பார்ட்டா விலைக்கு நிக்கும். தேக்குக் கதவு, கம்பி வெச்ச சன்னல், மரத்தூண், பித்தளைக் கைப்பிடி... பலதும் இடிச்ச வீடுகள்ல கழட்டினது.

ஏன் இடிக்கிறாங்க? ஒரே வீட்டுக்கு ஏகப்பட்ட பங்காளிங்க. பராமரிக்க ஆள் இல்லை. வீட்டைப் பங்கு போடறதைவிட, வித்த காசைப் பங்கு போடறது ஈஸி!

எங்க அப்பத்தா வீடு அரண்மனை எல்லாம் இல்லை. சாதாரண ஓட்டு வீடு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அதை இடிச்சப்போ, மரம் மொத்தத்தையும் ஒரே விலைக்குப் பேசிட்டாங்க. லாரியில ஏத்துறப்போதான் கவனிச்சேன். சமையல்கட்டுக் கதவோட பின்பக்கம் வரிசையா கரிக்கோடு. அப்பத்தாவோட பால் கணக்கு! கெஞ்சிக் கூத்தாடி இறக்கிட்டேன். ''உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சாத்தான் தம்பி இதுக்கு மதிப்பு''னு சிரிச்சார் வாங்கினவர்.

இப்போ அதுதான் என் ஸ்டடி டேபிள். நாலு இரும்புக் கால், கரிக்கோட்டு மேல ஒரு கண்ணாடி. மேட்டர் ஓவர்!

நீங்களும் இறங்கறீங்களா? இன்ஜினீயரிங் பையன் சொல்றேன், கேட்டுக்கங்க...

எடை: தேக்கு, ஒரு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ. 6 அடிக்கு 2 அடி, ஒன்றரை இன்ச் கனம்னா ஒத்தைக் கதவே 27 கிலோ! ஆணியில தொங்கவிட்டா அம்பேல்.

சன்னல்: சட்டத்துக்குப் பின்னாடி பெட்டி மாதிரி பலகை அடிச்சா புக் ஷெல்ஃப். எடை தரையில நிக்கட்டும். மேல ரெண்டு எல் ஆங்கிள் போட்டு சுவரோட பிடிச்சிடுங்க.

பூச்சி: மரத்துக்குக் கீழே மாவு மாதிரி தூள் கொட்டுதா? உள்ளே வண்டு குடியிருக்கு. வாங்காதீங்க.

பெயின்ட்: வீட்டு பெயின்ட்ல ஈயத்துக்கு 90 பி.பி.எம். வரம்பு 2017 நவம்பர்லதான் இங்கே அமலுக்கு வந்துச்சு. அதனால பழைய பெயின்ட்டை உப்புத்தாளால தேய்க்காதீங்க. அந்தத் தூள் விஷம்.

இன்னொண்ணு... சென்னை பக்கத்துல முட்டுக்காடு தட்சிண சித்ராவுக்குப் போயிருக்கீங்களா? 1996-ல திறந்த இடம். செட்டிநாட்டு வீடு உட்பட பழைய வீடுகளைப் பிரிச்சுக் கொண்டுவந்து திரும்பக் கட்டி நிறுத்தியிருக்காங்க. முழு வீட்டைக் காப்பாத்த நம்ம பாக்கெட் மணி பத்தாது. ஆனா, கடைக்காரர்கிட்ட ''இது எந்த ஊர் வீட்டுதுண்ணே?''னு கேட்கக் காசு வேணாமே! கேட்டு, பென்சிலால பின்பக்கம் எழுதிவைங்க. இல்லேன்னா பாலீஷ் பளபளப்புல அந்த வீடு மொத்தமா தொலைஞ்சிடும்.

என் டேபிள்ல எல்லாக் கோட்டையும் அப்பத்தா குறுக்கே அடிச்சிருக்கு, கடைசி நாலைத் தவிர. பால்காரருக்கு இன்னும் நாலு நாள் பாக்கி! அதைத் துடைக்க நான் யாரு?