அணைக்கரை: ஆற்றின் நடுவே ஓர் ஊர்

தீவு என்றவுடன் கடல் சூழ்ந்த நிலமே நம் நினைவிற்கு வருகிறது. ஆறு சூழ்ந்த தீவுகளும் நம் நாட்டில் உண்டு. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த திருவரங்கத்தை யாவரும் அறிவர். அக்கொள்ளிடம் மேலும் கிழக்கே ஓடி, அரியலூர் மாவட்டத்தின் தென் எல்லையாய் விளங்கி, ஓரிடத்தில் இரு கிளைகளாகப் பிரிகிறது. அக்கிளைகளுக்கு இடைப்பட்ட சிற்றூரே அணைக்கரை. வடகிளையைக் கடந்தால் அரியலூர் மாவட்டத்து மீன்சுருட்டிக்கும் செயங்கொண்டத்திற்கும் செல்லலாம். தென்கிளையைக் கடந்தால் கும்பகோணத்தை அடையலாம்.

கீழணை தோன்றிய காரணம்

1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் முக்கொம்பில் மேலணையை அமைத்தார். காவிரிக்கு வேண்டிய நீர் கிடைத்தது. ஆனால் கொள்ளிடத்தின் கடைப்பகுதி நிலங்களுக்கு நீர் குறைந்தது. அக்குறையை நீக்கவே அணைக்கரையில் கீழணை கட்டப்பட்டது. மேட்டூரைப் போல நீரைப் பெருமளவில் தேக்கி வைப்பது இதன் வேலையன்று. ஆற்றின் மட்டத்தை உயர்த்தி, வாய்க்கால்களில் நீரைத் திருப்பி விடுவதேயாகும். வடக்கு ராஜன், தெற்கு ராஜன் வாய்க்கால்கள் சிதம்பரம், சீர்காழிப் பகுதி வயல்களை வளப்படுத்துகின்றன. வடவாறு வீராணம் ஏரியை நிரப்புகிறது. 2004 முதல் அவ்வேரி நீர் சென்னை மக்களின் தாகத்தையும் தீர்த்து வருகிறது.

அணையே பாலமாதல்

கீழணையின் மேல் சாலையும் அமைந்தமையால், நீரைத் தடுக்கும் சுவரே மக்களைக் கரை சேர்க்கும் பாலமும் ஆயிற்று. உடையார்பாளையம் பகுதி உழவர்களும் மாணவர்களும் நோயாளிகளும் கும்பகோணம் செல்ல இதுவே நேர்வழியாக விளங்கிற்று. மாட்டு வண்டிக் காலத்தில் இதனால் தீங்கொன்றும் இல்லை. பின்னர்ப் பஸ்களும், அரியலூர்ச் சீமைக்குரிய சிமெண்டு முதலிய பெரும்பாரம் ஏற்றிய லாரிகளும் பெருகின. பாலம் பழுதுற்ற காலங்களில் கனரக வண்டிகள் தடுக்கப்பட்டன. அப்போது வண்டிகள் நெடுவழி சுற்றிச் செல்ல நேர்ந்தது.

பழைய அணைக்கு ஊறு நேர்ந்தால் விளையும் கேட்டை 2018-ஆம் ஆண்டு உணர்த்திற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள், பெருவெள்ளத்தின்போது முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்து வீழ்ந்தன. கீழணையும் அதே காலத்தில் தோன்றியதே. எனவே அணையின் சுமையைக் குறைத்தல் போக்குவரத்துக்கு மட்டுமன்று, பாசனத்திற்கும் காப்பாகும்.

புதிய பாலமும் புதிய கடமையும்

சேத்தியாத்தோப்பு – சோழபுரம் நான்கு வழிச் சாலை 2025 ஜூலை 26 அன்று நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. இச்சாலையில் கொள்ளிடத்தின் குறுக்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பாலம் அமைந்துள்ளது. நெடுந்தொலைவு வண்டிகளின் பாரம் அணையை விட்டு நீங்க இது வழி செய்கிறது.

எனினும் தீவில் வாழ்வோர் நலத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆற்று மீன் பிடித்து விற்போரும், சாலையோரத்தில் சிறுகடை வைத்திருப்போரும் வழிப்போக்கரை நம்பியே வாழ்கின்றனர். விரைந்து செல்லும் வண்டிகள் ஊருக்குள் நுழையாவிடில் அவர்தம் வாணிபம் குன்றும். ஊர்ப் பஸ்களும் புதிய சாலையையே பற்றிச் சென்றால் பள்ளிச் சிறுவரும் முதியோரும் அல்லலுறுவர். ஆகவே, உள்ளூர்ப் பஸ்கள் அணைக்கரைக்குள் வந்து செல்லவும், மீன் விற்பனைக்குத் தூய்மையான இடம் அமையவும் இரு கரைப் பஞ்சாயத்துகளும் கூடி முயலல் நன்று. கொள்ளிடத்தில் முதலைகள் வாழ்வதால், குளிக்குந் துறைகளில் எச்சரிக்கைப் பலகையும் காப்பு வேலியும் இன்றியமையாதன.

அணை நீரைக் காக்கட்டும். புதிய பாலம் பாரத்தைத் தாங்கட்டும். இரண்டிற்கும் இடையே உள்ள ஊர் மறக்கப்படாதிருக்குமாயின், அதுவே உண்மையான கிராம முன்னேற்றமாகும்.