கும்பகோணத்துக்காரரின் காம்பஸ்

வட்டத்தின் சமன்பாட்டை மனப்பாடம் பண்ணித்தான் நம்மில் பலர் பிளஸ் டூ தாண்டி வந்தோம். உண்மையில் அது பித்தாகரஸ் தேற்றம்தான். மையத்திலிருந்து ஒரு புள்ளிக்குள்ள கிடைமட்டத் தூரம், செங்குத்துத் தூரம் ரெண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டினா ஆரத்தின் வர்க்கம். காம்பஸை ஒரு சுத்து சுத்துறதும் இந்தச் சமன்பாட்டை எழுதுறதும் ஒரே வேலை. நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் வரைந்த படத்தை வச்சே இதைப் பார்த்துடலாம்.

கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், அங்கே அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மத்த பாடங்களில் கோட்டை விட்டு உதவித்தொகையை இழந்தவர். (அரியர் வச்சிருக்கவங்க கவனிக்கவும்!) 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார். 1913-ல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு குட்டிக் கட்டுரை எழுதினார். ஸ்கேலும் காம்பஸும் மட்டும் வச்சு, ஒரு வட்டத்துக்குச் சமமான பரப்புள்ள சதுரத்தை வரையணும். இதைத் துல்லியமா செய்யவே முடியாதுன்னு 1882-ல் லிண்டமன் நிரூபிச்சாச்சு. அப்போ எவ்வளவு நெருங்கலாம்? அதுதான் ராமானுஜனின் கேள்வி.

அவர் பொதுவான விட்டத்தை வச்சுச் செய்தார். நாம ஆரம் 6-ன்னு வச்சுக்கலாம். கிராஃப் ஷீட்டோ டெஸ்மோஸோ எடுத்துக்கோங்க.

1. முதல் வட்டம்: எக்ஸ்² + ஒய்² = 36. விட்டத்தின் இடது முனை ப (−6, 0), வலது முனை ர (6, 0).

2. எக்ஸ் = 4 என்ற கோடு போடுங்க. அது வட்டத்தை வெட்டும் இடத்தில் ஒய்² = 36 − 16 = 20. உயரம் √20.

3. அந்த உயரத்தைக் காம்பஸில் எடுத்து ர-வில் ஊன்றிச் சுத்துங்க: (எக்ஸ் − 6)² + ஒய்² = 20. பரீட்சையில் இதையே எக்ஸ்² + ஒய்² − 12எக்ஸ் + 16 = 0 என்று விரிச்சுக் கொடுத்துப் பயமுறுத்துவாங்க. −12-ல் பாதி −6. அதன் வர்க்கம் 36-ஐ ரெண்டு பக்கமும் சேர்த்தா மையமும் ஆரமும் திரும்ப வந்துடும். இப்போ முதல் வட்டத்திலிருந்து இதைக் கழிங்க. வர்க்கங்கள் அடிபட்டு, 12எக்ஸ் − 36 = 16, எக்ஸ் = 13/3. வட்டங்கள் வெட்டும் புள்ளி ச. அரைவட்டக் கோணம் செங்கோணம்; ஆகவே ப-ச நீளத்தின் வர்க்கம் 144 − 20 = 124.

4. ப-ச நீளத்தில் பாதி √31. அதை ஆரமா வச்சு ப-வில் ஊன்றுங்க: (எக்ஸ் + 6)² + ஒய்² = 31. முதல் வட்டத்தை வெட்டும் புள்ளி க. மறுபடி செங்கோணம்; ர-க வர்க்கம் 144 − 31 = 113.

5. ப-வில் தொடுகோடு எக்ஸ் = −6. அதன் மேல் ப-ச நீளத்தில் மூணில் ஒரு பங்கு தள்ளி ல. ர-ல வர்க்கம் 144 + 124/9 = 4 × 355/9.

6. ர-க மேல் ர-விலிருந்து 9 அலகு அளந்து, அங்கிருந்து க-ல கோட்டுக்கு இணையா ஒரு கோடு. அது ர-ல கோட்டில் வெட்டித் தரும் நீளம், வடிவொத்த முக்கோணப்படி, 6√(355/113). இதுதான் சதுரத்தின் பக்கம்.

சதுரத்தின் பரப்பு 36 × 355/113. வட்டத்தின் பரப்பு 36 × பை. 355/113 = 3.1415929, பையின் மதிப்பு 3.1415926. இந்தப் பின்னம் ஐந்தாம் நூற்றாண்டுச் சீனாவின் சு சோங்ஜிக்கே தெரிஞ்சதுதான். அதைக் காம்பஸ் முனையில் கொண்டுவந்த வழிதான் இங்கே அழகு.

ராமானுஜனே ஒரு குறிப்பு கொடுக்கிறார்: வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுர மைல் என்றாலும், சதுரத்தின் பக்கத்தில் பிழை ஏறத்தாழ ஒரு அங்குலம். அது தமிழ்நாட்டைப் போல 2.8 மடங்கு பரப்பு! நம்ம 22/7-ஐப் போட்டா அதே இடத்தில் சுமார் 120 மீட்டர் தவறும். ஒரு அங்குலம்னா, டெல்டாவில் எந்த வயல் வரப்பும் அதைவிட அகலம்.

இத்தனையிலும் நாம பயன்படுத்தினது ஆரம், மையம், ஒரு கழித்தல், அரைவட்டத்துச் செங்கோணம், வடிவொத்த முக்கோணம். எல்லாமே பள்ளிக்கூடப் பாடம். அடுத்த தடவை வட்டத்தின் சமன்பாட்டைப் பார்த்தா ரெண்டே கேள்வி கேளுங்க: காம்பஸை எங்கே ஊன்றினாங்க, எவ்வளவு விரிச்சாங்க?